அம்மா சிரித்த படம்

எங்கள் வீட்டுக் கமரா என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு எல்லாரும் இதை வசதியாக மறந்துவிட்டார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் அண்ணை ஜேர்மனிக்குப் போனார். அவரை அனுப்புவதற்காக அம்மாவின் நகைகள் போயின, என் சங்கிலியும் கூடவே போனது. அங்கே போய்ச் சேர்ந்து கொஞ்சக் காலத்தில், ஊருக்கு வந்த ஒருவரிடம் அந்தக் கமராவைக் கொடுத்தனுப்பினார். கறுப்பு நிறம், தோல் உறை, கையில் நல்ல பாரம். பற்றரி தேவையில்லை. உறையின்மேல் ‘தங்கச்சிக்கு’ என்று எழுதி ஒட்டியிருந்தது. அவருக்குத் தங்கச்சி நான் ஒருத்திதான்.

அதோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். பாதி ஜேர்மன், பாதி இங்கிலீசு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாக விளங்கிக்கொண்டேன். சூரியன் படமெடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஜேர்மனி வெயிலுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு வெயிலில் அப்படி ஒருவரை நிறுத்தினால், புளியங்காய் கடித்தவர்போலக் கண்ணைச் சுருக்குவார், மூக்குக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். என் முதல் பிலிமில் எங்கள் ஒழுங்கை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் மீசை. அரைவாசிப் பேருக்குத் தலை இல்லை. நான் கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் ஓரிடத்தில், படம் பிடிக்கிற கண்ணாடி இன்னோரிடத்தில் என்பதை விளங்கிக்கொள்வதற்குள் இரண்டு மூன்று பிலிம் நாசமாகிவிட்டது. கிட்டப் போனால் தலை வெட்டுப்படும் என்ற பயத்தில் தூர நின்றே எடுக்கப் பழகினேன்.

அந்தக் காலத்தில் படம் எடுப்பதென்றால் லேசான காரியமா? அதுவும் வெளிநாட்டுக்குப் போகிற படம்! குளித்து, பவுடர் போட்டு, அலுமாரியில் பூச்சி உருண்டை மணத்தோடு கிடக்கிற நல்ல சேலையை எடுத்து உடுத்து, வீட்டு முன்பக்கத்தில் குரோட்டன் செடிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கழுத்து வெறுமையாக இருந்தால் பக்கத்து வீட்டில் சங்கிலி இரவல் வாங்கலாம். உடைந்த ஓடு, காரை பெயர்ந்த சுவர் எதுவும் படத்தில் விழக்கூடாது. நாங்கள் இங்கே நன்றாக இருக்கிறோம் என்று அங்கே இருக்கிறவர்கள் நம்ப வேண்டும். மூன்று பேராக மட்டும் நிற்கவே கூடாது, நின்றால் ஒருவர் பிரிந்துபோவார் என்பார்கள். மூன்று பேர் சேர்ந்தால் ஒருவர் விலகிக்கொள்வார், அல்லது அயல் வீட்டில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நாலாவதாக நிறுத்துவார்கள்.

என் பிரச்சினை அம்மாதான். அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டதால் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா சிரிக்காத ஆள் இல்லை. சிரித்தால் தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், கேட்கிறவர்களுக்கும் காரணம் தெரியாமல் சிரிப்பு வரும். ஆனால் நான் கமராவை எடுத்தால் போதும், வாய் இறுகி, கை இரண்டும் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள, பொலிஸ் விசாரணைக்கு வந்தவர்போல நிற்பார்.

“சிரியுங்கோவன் அம்மா.”

“சும்மா சிரிக்க நான் என்ன விசரியே?”

“படத்துக்கெண்டு ஒருக்காச் சிரிச்சால் என்ன குறைஞ்சு போகும்?”

“எடுத்து முடி பிள்ளை, வேலை கிடக்கு.”

இப்படியே வருடங்கள் போயின. அண்ணைக்கு அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் அதே சேலை, அதே குரோட்டன், அதே முகம். கடைசியில் அண்ணை எனக்கு எழுதினார்: “அம்மான்ரை முகம் எனக்கு மறந்துபோகும் போலை கிடக்கு. நீ எடுக்கிற படங்களிலை ஐடென்ரிக் காட்டுப் படத்துக்கு நிக்கிற மாதிரி நிக்கிறா. சிரிக்கிற படம் ஒண்டு எடுத்து அனுப்பு தங்கச்சி.” அவர் கேட்டது என்னிடம். அம்மா சிரிக்கிற படத்தை எடுக்க வேண்டியவள் நான். அது ஒரு வெறிபோல எனக்குள் இறங்கிவிட்டது. அம்மாவின் அந்தச் சிரிப்பு ஒருமுறையாவது என்னைப் பார்த்து, என் கமராவைப் பார்த்து வர வேண்டும்.

ஆனால் அதற்குள் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை வந்து, பாதை பூட்டி, மின்சாரம் போய், பற்றரி தடையாகி, பிலிம் கண்ணில் காண்பதே அரிதாகிவிட்டது. கொழும்பிலிருந்து இரவில் படகேறிக் கிளாலிக் கடலைக் கடந்து வருகிற யாராவது ஒளித்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. எடுத்த பிலிமைக் கழுவுவதற்கும் அதே வழியில் கொழும்புக்குப் போகிறவரிடம்தான் கொடுத்துவிட வேண்டும். அங்கே கழுவி ஒரு பிரதியை அண்ணைக்குத் தபாலில் போட்டு, இன்னொரு பிரதியை எங்களுக்கு யார் கையிலாவது அனுப்புவார்கள்.

அந்த நேரத்தில்தான் மச்சாள் வந்து சேர்ந்தாள். அம்மாவின் தம்பி மகள், அரியாலைக்காரி. அண்ணைக்குப் பேசி முடித்திருந்த பெண். அரியாலைப் பக்கம் ஷெல் அடிக்கத் தொடங்கியதும், விசா சரிவரும்வரை மாமியோடு இருக்கிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். என் வயதுதான். வேலையில் குறை சொல்ல முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். விடிய எழும்பி முற்றம் கூட்டுவாள், சமைக்கக் குசினிக்குள் புகுந்துகொள்வாள். வந்த கிழமையே அம்மா அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடத் தொடங்கினார். எனக்குத் தலை இழுத்துவிட்டு எத்தனை காலம்!

ஒருநாள் என் கையிலிருந்த கமராவைப் பார்த்துக் கேட்டாள்.

“மச்சாள், உதை ஒருக்காத் தாரும், பாப்பம்.”

“கவனம். கிட்டப் போகாதையும், தலை வெட்டுப்படும்.”

“தலை வெட்டுப்பட்டால் வெட்டுப்படட்டுமன். முகம் இருந்தால் போதாதே?”

சொல்லிவிட்டு, கிணற்றடியில் பிள்ளைக்குத் தலை முழுக வார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் நேரே போனாள். குரோட்டனும் இல்லை, பவுடரும் இல்லை. அக்காவின் சட்டை நனைந்து கிடந்தது. வாழைக் கூட்டத்தின் நிழலில் குந்திக்கொண்டு, அக்காவோடு ஏதோ கதைத்தபடியே ஒன்றை அமத்தினாள். ஒரு பிலிமில் எத்தனை படம் என்று எண்ணி எண்ணிச் சேமிக்கிறவள் நான். உவள் சோப்பு நுரையைப் படமெடுக்கிறாள்!

அந்தப் பிலிம் கழுவி வந்த அன்று ஒழுங்கையே எங்கள் விறாந்தையில் கூடிவிட்டது. படங்கள் கைமாறிப் போயின. நான் எடுத்தவற்றைச் சீட்டுக் கட்டைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு போனார்கள். கிணற்றடிப் படம் வந்ததும் கை நின்றது. பிள்ளை கண்ணை இறுக மூடியிருந்தது, அக்காவின் முகம் பிள்ளையின் முகத்துக்கு மேலே குனிந்திருந்தது, தண்ணீர் கண்ணாடிக் கயிறுபோல இறங்கிக்கொண்டிருந்தது.

“உது ஆர் எடுத்தது? சோக்காய் எல்லோ இருக்கு!”

“வாளி அரைவாசி வெட்டுப்பட்டிருக்கு,” என்றேன் நான்.

ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாளியைப் பற்றி யாருக்கு என்ன? வேலி மறைப்பில் முகம் சவரம் செய்கிற பக்கத்து வீட்டு மாமா, கதிரையில் ஏறி நின்று எங்களைப் பார்க்கிற ஆடு என்று நல்ல படங்கள் எல்லாமே அவளுடையவை. புத்தகத்தை அவள் திறந்தே பார்த்ததில்லை. எனக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம். கடவுள் எவ்வளவு பாரபட்சம் பிடித்தவர் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு நான் அவளைக் களவாகக் கவனித்தேன். அவள் ஆட்களை வெயிலில் நிறுத்துவதில்லை, நிழலுக்குள், வாசலடியில், ஒளி பக்கத்திலிருந்து விழுகிற இடத்தில் பிடிப்பாள். ஆளுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கதை கதைத்து, அவர்கள் கமராவை மறந்த பிறகு எடுப்பாள். நானும் அப்படிச் செய்து பார்த்தேன். நான் வாசலடியில் கதைகொடுத்தால், “என்ன பிள்ளை, ஏதும் அலுவலோ?” என்று கேட்கிறார்கள்.

என்னையும் அம்மாவையும் சேர்த்து ஒரு படம் எடுக்கட்டுமா என்று அவள் கேட்டாள். நல்ல மனத்தோடுதான் கேட்டிருப்பாள். “என்ரை கமராவிலை என்னை நீர் எடுக்கத் தேவையில்லை,” என்று முகத்திலடித்தாற்போலச் சொன்னேன். பிறகு அம்மாவும் அவளும் நிற்க நானே எடுத்தேன். மூன்றாவது ஆளாக நான் நிற்க முடியாதே, அதனால் எப்போதும் கமராவுக்குப் பின்னால். அண்ணையின் அல்பத்தில் இன்றைக்கும் பாருங்கள், அந்த வருடங்களில் அம்மா இருக்கிறார், மச்சாள் இருக்கிறாள், அயல் வீட்டு ஆடுகூட இருக்கிறது. நான் இல்லை.

அண்ணை கேட்ட படத்துக்காக ஒரு பிலிமை அப்படியே பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்கு மணிப்புரிச் சேலை உடுத்திவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சங்கிலி இரவல் வாங்கிப் போட்டு, குரோட்டனடியில் கதிரை போட்டு இருத்தினேன். அண்ணை பார்க்கும்போது, தங்கச்சி அம்மாவை ராசாத்திபோல வைத்திருக்கிறாள் என்று நினைக்க வேண்டும். அதுவும் எனக்கு வேண்டியிருந்தது, ஏன் மறைப்பான்? கெஞ்சினேன், பகிடி சொன்னேன், கோபித்தேன். அம்மாவின் முகம் அசையவில்லை. மேலே ஹெலிகொப்டர் ஒன்று சுற்றும் சத்தம் கேட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். எடுத்தவை எல்லாம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

ஹெலி போன பிறகு நான் சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கமராவை மேசையில் வைத்துவிட்டுப் போனது என் பிழை. திரும்பி வரும்போது பின் பக்கமிருந்து அம்மாவின் சிரிப்புக் கேட்டது. தோள் குலுங்குகிற அதே சிரிப்பு. ஓடிப் போனேன். அம்மா பழஞ்சேலையை மாற்றிக்கொண்டு குசினி வாசல்படியில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். மச்சாள் அவருக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். கமரா அவள் கண்ணில். படக்கென்று சத்தம் கேட்டது.

“ஆரைக் கேட்டு எடுத்தனீர்?” எனக்கு மூச்சு வாங்கியது. “கிழிஞ்ச சீலையோடை இருக்கிறா அம்மா! நான் அம்மாவை வடிவாப் பாக்கேல்லை எண்டு அண்ணை நினைக்கப்போறார்.”

“அவர் அப்பிடி நினைக்க மாட்டார் மச்சாள்.”

நினைக்க மாட்டாராம்! என் கூடப் பிறந்தவர் என்ன நினைப்பார் என்று எனக்குச் சொல்லித்தருகிறாள். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் இரண்டு தரம் கண்டிருப்பாள், அவ்வளவுதான். நான் கமராவைப் பறித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை.

படங்கள் வந்தன. குசினி வாசல் படத்தைத் தனியே உருவி எடுத்தேன். எனக்குத் தெரியும் அல்லவா, ஒழுங்கையில் உள்ள எல்லாரையும்விட எனக்குத்தான் தெரியும், அது எவ்வளவு நல்ல படம் என்று. வாசல் நிழல் அம்மாவின் ஒரு கன்னத்தில் மெதுவாக விழுந்திருந்தது. மடி நிறைய முருங்கை இலை. கண்கள் நேராகப் பார்த்தன, பார்த்துச் சிரித்தன, பல்லுப்போன இடம்கூடத் தெரிந்தது. சேலைக் கிழிசல் யார் கண்ணிலும் படாது. குறை ஏதாவது இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இருந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணையின் கடிதம் வந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். வேலைக்குப் போக முன்னம் அம்மாவின் முகத்தில்தான் விழிக்கிறாராம். எடுத்த கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டுமாம். மச்சாள் அதை வாசித்துவிட்டுச் சிவந்துபோய் நின்றாள். எனக்கென்று அடியில் ஒரு வரி இருந்தது: “தங்கச்சி, கமராவை மச்சாளிட்டைக் குடு, அவள் நல்லா எடுக்கிறாள்.”

கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன், கொஞ்சம் பலமாகவே வைத்தேன். “இந்தாரும். உமக்காம்.”

“எனக்கேன் மச்சாள், உம்மடை சாமான்?” என்று திருப்பி என் கையில் தந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அப்படியும் நல்லவளாக இருந்து தொலைத்தாள்.

அவளுக்கு விசா சரிவந்தது. மாமா, அவளுடைய அப்பா, வந்து சைக்கிளில் பெட்டியைக் கட்டி, அவளைக் கிளாலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலிப் படலையில் நின்று அம்மா அழுதார். நானும் அழுதேன், அது வேறு. ஆனால் சைக்கிள் ஒழுங்கை முடக்கால் திரும்பியதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இனிக் கமராவும் எனக்கு, அம்மாவும் எனக்கு.

கமராவுக்குள் கடைசிப் பிலிமில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அடுத்த நாள் காலையிலேயே ஆயத்தமானேன். அவள் செய்த எதையும் நான் விடவில்லை. அதே பழஞ்சேலையை அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தேன். அதே குசினி வாசல்படி. மடியில் முருங்கை இலையைக் கொண்டுவந்து கொட்டினேன். ஒளி அந்தப் படத்தில் விழுந்திருந்த மாதிரி விழும்வரை காத்திருந்தேன். பிறகு, தலை வெட்டுப்பட்டாலும் படட்டும் என்று, அவளைப் போலவே முழங்காலில் கிட்டப் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தார். வாய் இறுகியது. முருங்கைக் காம்போடு கை அப்படியே நின்றது. மறுபடியும் பொலிஸ் விசாரணை.

எனக்குப் பொறுக்கவில்லை.

“அவளுக்கெண்டால் பல்லுத் தெரியச் சிரிச்சனீங்கள். எனக்கு மட்டும் ஏன் உப்பிடி முழிக்கிறியள்? நான் பெத்த பிள்ளை இல்லையே?”

“அவளுக்கோ? அவளுக்கு ஆர் சிரிச்சது?”

“அப்ப ஆரைப் பாத்துச் சிரிச்சனீங்கள்?”

அம்மா முருங்கைக் காம்பை மடியில் போட்டார். “அவள் சொன்னவள், மாமி, இந்தக் கண்ணாடிக்குள்ளாலை உங்கடை மோன் பாத்துக்கொண்டு நிக்கிறார், எத்தினை வரியமாக் காணாத முகம், ஒருக்கா வடிவாக் காட்டுங்கோ எண்டு. பாத்தன். கொண்ணைதான் நிண்டவன்.”

கொண்ணை. என் அண்ணை. இவ்வளவு காலமும் மச்சாள்மேல் எரிந்த எரிச்சலெல்லாம் வீணாய்ப் போனது. அவள் எடுத்தாள் என்பதைத் தவிர அந்தச் சிரிப்பில் அவளுக்கும் பங்கில்லை. ஷெல் சத்தம் கேட்டால் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பங்கருக்குள் இறக்குகிறவள் நான். முழங்காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவள் நான். அம்மாவை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று வந்த சம்பந்தங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தவளும் நான்தான். பத்து வருடமாகக் குரலைக்கூடக் கேட்காத ஒருவர் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் வந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அண்ணைமேல் பொறாமை வந்தது.

“இப்பவும் நிக்கிறார் அம்மா,” என்றேன். “பாருங்கோ.”

கமராவைக் கண்ணில் வைத்தேன். அம்மா தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கண்ணாடிக்குள் பார்த்தார். முதலில் கண் மாறியது. பிறகு கன்னம் இளகியது. தோள் குலுங்க, பல்லுப்போன இடம் தெரிய, அம்மா சிரித்தார். துவாரத்துக்குள் அந்த முகம் மட்டும்தான் இருந்தது. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு ஆசையோடு, அம்மா நேரே என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமத்தினேன்.

கமராவைக் கண்ணிலிருந்து எடுத்தேன். அம்மாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. கமரா இருந்த இடத்தில் என்னைக் கண்டதும் அது மெல்ல அடங்கியது.

“முடிஞ்சுதோ?” என்று கேட்டார். “போய் உலையைப் பார் பிள்ளை, பொங்கி ஊத்தப்போகுது.”